பொறிவண்டின் மஞ்சள் மருந்து

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



போன கார்த்திகை மாதம் சாத்தூருக்கு மேற்கே ஒரு கரிசல் காட்டுக்குப் பருத்தி பார்க்கப் போயிருந்தேன். காட்டுக்குச் சொந்தக்காரர் வயதான சம்சாரி. முதுகில் தெளிப்பான் டேங்கை ஏற்றிக்கொண்டு ஓரத்தில் மூன்று வரிசை அடித்தும் முடித்துவிட்டார். என்னைக் கண்டதும் நின்றார்.

"சார், செடியில செவப்பு வண்டு ஏறிப்போச்சு. கூடவே கறுப்பா ஒரு புழுவும் திரியுது. வண்டைக் கையில பிடிச்சா மஞ்சளா ஒண்ணுக்குப் போகுது, நாத்தம் வேற. கடையில சொன்னேன், இந்த மருந்தைக் குடுத்தாங்க" என்றார்.

"அண்ணாச்சி, டேங்கைக் கொஞ்சம் இறக்கி வையுங்க. அந்த வண்டை எனக்குக் காட்டுங்க" என்றேன்.

காட்டினார். பொறிவண்டு! கறுப்புப் புழு என்று அவர் சொன்னது அதே வண்டின் பிள்ளை. இரண்டும் சேர்ந்து இலைக்கு அடியில் அசுவினியை மேய்ந்துகொண்டிருந்தன. அண்ணாச்சி காசு கொடுத்து மருந்து வாங்கி, கூலி கேட்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆளைக் கொன்றுகொண்டிருந்தார். கடைக்காரரையும் குறை சொல்வதற்கில்லை. "செவப்பு வண்டு, கறுப்புப் புழு" என்று கேட்டால் அவர் என்ன கண்டார்?

அன்று வரப்பு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவரோடு பேசியதைத்தான் இன்று உங்களோடும் பேசப்போகிறேன். அந்த மஞ்சள் நீர் என்ன, அது வண்டுக்கு எதற்கு, நமக்கு அதனால் என்ன என்பதுதான் பேச்சு.

நம் பக்கம் 'மருந்து' என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. ஆஸ்பத்திரியில் தருவது ஒன்று. பயிருக்கு அடிப்பது ஒன்று. சிவகாசி, சாத்தூர் பட்டாசுப் பட்டறைகளில் குழாய்க்குள் அடைக்கிறார்களே, அந்த வெடி மருந்து ஒன்று. பொறிவண்டு தன் உடம்புக்குள் அடைத்து வைத்திருப்பதையும் நான் மருந்து என்றே சொல்லப்போகிறேன். நாலாவதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். பொறி என்றால் புள்ளி. தீப்பொறி என்றும் பொருள் உண்டு. நம் ஊருக்கு அதுவும் பொருத்தம்தான். உளுந்தைக் குறுக்கே பிளந்து கவிழ்த்து வைத்தது போல, முதுகு உருண்டு, வயிறு தட்டையாக இருக்கும். நம் பருத்தி, மக்காச்சோளம், தட்டைப்பயறு, வெள்ளரிக் கொடி எதைப் பார்த்தாலும் அடிக்கடி கண்ணில் படுவது ஆரஞ்சு அல்லது சிவப்பு முதுகில் நெளிநெளியாகக் கறுப்புக் கோடு ஓடும் வண்டு. ஆறு புள்ளிப் பொறிவண்டு என்று புத்தகத்தில் பெயர். புள்ளி எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக வராது. நெளிவுக் கோட்டைப் பாருங்கள், போதும். இதைவிடச் சற்றுப் பெரியதாக, நல்ல சிவப்பில் கறுப்புத் திட்டுகளோடு இன்னொன்று உண்டு. வெளிறிய முதுகில் நீளவாக்கில் மூன்று கறுப்புக் கோடு போட்ட சின்ன வண்டும் உண்டு.

புழுதான் ஏமாற்றும். குட்டி முதலை போல நீண்டு, கறுப்பில் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளி இட்டு, ஆறு காலால் சுறுசுறுப்பாக ஓடும். இலையைக் கடிக்காது. பெரிய வண்டைவிட இந்தப் புழுதான் பெருந்தீனிக்காரன். வளர்ந்து கூண்டுப்புழு ஆகிறவரைக்கும் நூற்றுக்கணக்கில் அசுவினியைத் தின்னும். நம் வெயிலுக்கு முட்டை மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும். அதிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் புது வண்டு பறக்கும்.

இனி அந்த மஞ்சள் நீர். அது மூத்திரம் இல்லை. வண்டின் இரத்தம்! வண்டுக்கு இரத்தம் நம்மைப் போல் சிவப்பு இல்லை; மஞ்சள். பிடித்து அழுத்தினால் முதலில் காலை எல்லாம் வயிற்றுக்குள் மடக்கிக்கொண்டு செத்தது போலக் கிடக்கும். அதற்கும் விடாமல் தொந்தரவு செய்தால், முழங்கால் மூட்டில் இருக்கும் மெல்லிய இடத்தின் வழியாகத் தானே இரத்தத்தைக் கசியவிடும். ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள், காலின் கணுவில் மஞ்சள் முத்துப் போலத் துளி நிற்பது தெரியும். அடிபட்டு வருகிற இரத்தம் இல்லை. வேண்டும் என்றே விடுகிற இரத்தம். புழுவும் விடும், அது முதுகிலிருந்து விடும். எடுத்த எடுப்பிலேயே விடாமல், முதலில் செத்தது போல் நடிக்கிறது பாருங்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. இரத்தம் போனால் உடம்பில் சத்தும் போகும். வேட்டு இருக்கிறது என்பதற்காகத் தினமும் கொளுத்த முடியுமா?

அந்தத் துளியை நாக்கு நுனியில் வைத்தால் கசப்பு. (நான் வைத்துப் பார்த்திருக்கிறேன், நீங்கள் வைக்க வேண்டாம்.) கசப்புக்குக் காரணம் ஆல்கலாய்டு என்ற வகைப் பொருள். புதிய சொல்லாகத் தோன்றும், ஆனால் இந்தக் குடும்பத்தில் பலபேர் உங்களுக்குத் தெரிந்தவர்கள்தான். புகையிலையில் இருக்கும் நிகோடின் ஓர் ஆல்கலாய்டு. காப்பியில் இருக்கும் காபீன், மலைக்காய்ச்சலுக்குக் கொடுத்த கொய்னா, ஊமத்தங்காயின் விஷம் எல்லாம் இதே சாதி. அந்தக் காலத்தில் அசுவினிக்குப் புகையிலைக் கஷாயம் அடித்தார்களே, ஆல்கலாய்டை அடித்தார்கள் என்றுதான் அர்த்தம். இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது நைட்ரஜன், நாம் தழைச்சத்து என்று சொல்கிறோமே, அது.

பெல்ஜியம் நாட்டுப் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் டர்ஷ் என்ற வேதியியல் அறிஞரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஏழு புள்ளிப் பொறிவண்டை ஆராய்ந்து, 1971-ஆம் ஆண்டு இந்தப் பொருளைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். வண்டின் அறிவியல் பெயரை வைத்தே அதற்குக் காக்ஸினெல்லின் என்று பெயர் சூட்டினார்கள். மூன்று வளையங்களை ஒன்றோடொன்று ஒட்டி, மூன்றும் கூடும் நடு இடத்தில் ஒரே ஒரு தழைச்சத்து அணுவை வைத்தால் அதுதான் காக்ஸினெல்லினின் வடிவம். கோலத்தில் மூன்று வட்டம் சேரும் இடத்தில் ஒரு புள்ளி வைப்போமே, அப்படி நினைத்துக்கொள்ளலாம்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. எருக்கஞ்செடியில் வளரும் சில பூச்சிகள் எருக்கம்பாலின் விஷத்தையே எடுத்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். தின்றது இரையல், சேமித்தது விஷம். அது இரவல் சரக்கு. பொறிவண்டு அப்படி இல்லை. அடையாளம் போட்ட சிறு மூலக்கூறுகளைக் கொடுத்துப் பின்தொடர்ந்து பார்த்ததில், கொழுப்பு உருவாகிற அதே துண்டுகளைச் சேர்த்து வண்டே தன் உடம்பில் காக்ஸினெல்லினைக் கட்டுகிறது என்று தெரியவந்தது. அசுவினியைத் தின்றாலும் மருந்துச் சரக்கு சொந்தப் பட்டறையில் செய்தது. வண்டுக்கு வண்டு சரக்கும் மாறும். இரண்டு புள்ளி வண்டு செய்வதற்கு அடலின் என்று பெயர். ஒவ்வொரு கம்பெனியும் தன் தன் கலவையை வைத்துக்கொள்வது போலத்தான்.

கசப்புத் தெரிவதற்கு வாயில் போட்டாக வேண்டும். வாயில் போட்டபின் வண்டு பிழைக்குமா? அதனால்தான் அது முன்கூட்டியே இரண்டு விதமாக எச்சரிக்கிறது. ஒன்று நிறம். வெடிபொருள் ஏற்றிய லாரி தூரத்தில் வரும்போதே எழுதியிருப்பதைப் பார்த்துப் பீடி குடிக்கிறவர் பீடியை அணைத்துவிடுகிறார். உள்ளே இருப்பது வெடித்துக் காட்ட வேண்டியதில்லை. வண்டின் சிவப்பும் கறுப்பும் அந்த எழுத்துதான். ஒரு தடவை கசப்பை அறிந்த பறவை அடுத்த தடவை நிறத்தைப் பார்த்தே ஒதுங்குகிறது. இன்னொன்று நாற்றம். அண்ணாச்சி சொன்ன அந்த வாடைக்குக் காரணம் பைரசின் என்ற வேறொரு வகைப் பொருள். பச்சைப் பட்டாணி, குடமிளகாய் இவற்றை உடைத்தால் வரும் பச்சை வாடையும் இதே வகைதான். மிக மிகக் கொஞ்சம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். கனடா நாட்டில் ஒன்டாரியோ என்ற மாகாணத்தில் 2001-ஆம் ஆண்டு திராட்சைக் குலைகளோடு பொறிவண்டுகளும் சேர்ந்து நசுங்கியதில், அந்த ஆண்டுத் திராட்சை மது நாற்றம் எடுத்துக் கெட்டுப் போயிற்று. குலையில் ஒட்டியிருந்த சின்ன வண்டுகள் செய்த வேலை அது.

இந்த மருந்து நிஜமாகவே காக்கிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் எறும்பையும் காடையையும் வைத்துப் பார்த்தார்கள். ஆல்கலாய்டு உள்ள வண்டுகளை இரண்டும் வெறுத்தன. 1989-இல் வெளியான ஓர் ஆய்வில் நீலச்சிட்டு என்ற ஐரோப்பியக் குருவியின் குஞ்சுகளுக்கு ஏழு புள்ளி வண்டை ஊட்டினார்கள். குஞ்சுகள் செத்துப் போயின. இரண்டு புள்ளி வண்டை ஊட்டிய குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, எல்லாப் பொறிவண்டும் ஒரே அளவு விஷம் என்று நினைக்கக் கூடாது. சில கடுமை, சில வெறும் கசப்பு.

எறும்பைப் பற்றி நீங்களே அறிவீர்கள். செடியில் எறும்பு வரிசையாக ஏறினால் அசுவினி இருக்கிறது என்று அர்த்தம். அசுவினி கழிக்கும் இனிப்புப் பாகுக்காக எறும்பு அதை மாடு மேய்ப்பது போல் மேய்த்துக் காவல் காக்கும். பொறிவண்டு வந்தால் கடித்துத் துரத்தப் பார்க்கும். அப்போதுதான் இந்த மஞ்சள் இரத்தம் வேலைக்கு வருகிறது. கசப்பு ஒரு பக்கம் இருக்க, காற்றுப் பட்டதும் பிசின் போல இறுகுவதால் எறும்பின் வாயும் மீசையும் ஒட்டிக்கொள்ளும். எறும்பு வண்டை விட்டுவிட்டுத் தன் மீசையைத் துடைக்கப் போய்விடும்.

தாய் வண்டு முட்டைக்கும் மருந்து வைத்துத்தான் இடுகிறது. இலைக்கு அடியில் மஞ்சளாகக் குத்தி நிறுத்தி வைத்தது போல் இருக்கும் முட்டைக் கொத்து ஓட முடியாது, ஒளிய முடியாது. அதற்குக் கசப்பு ஒன்றுதான் வேலி.

இவ்வளவும் வண்டின் பாடு. சம்சாரிக்கு இதில் என்ன? யோசித்துப் பாருங்கள். பருத்திக் காட்டில் மற்றப் பூச்சிகள் பகலில் பறவைக்குப் பயந்து ஒளிகின்றன. காய்ப்புழுகூடக் காய்க்குள் புகுந்துகொள்கிறது. பொறிவண்டு மட்டும் நட்ட நடுப்பகலில், இலையின் மேலேயே, நிறத்தைக் காட்டிக்கொண்டு செடி செடியாக நடந்து அசுவினி தேடுகிறது. அப்படித் தைரியமாகத் திரிய முடிவதால்தான் ஒரு நாளில் அவ்வளவு மேய முடிகிறது. அந்தக் கசப்பு இல்லாவிட்டால் கரிச்சானும் மைனாவும் இதை மிச்சம் வைக்குமா?

இங்கே ஒரு சங்கடமும் உண்டு. பொறிவண்டுக் குடும்பத்தில் தழை தின்னும் பங்காளி ஒருவன் இருக்கிறான். கத்தரித் தோட்டத்துப் புள்ளி வண்டுதான் அது. எபிலாக்னா என்பார்கள். அவனுக்கும் மஞ்சள் இரத்தம், அவனுக்கும் கசப்பு. ஆகவே மஞ்சள் நீர் விடுகிறதா என்று பார்த்து நல்லவன் கெட்டவன் பிரிக்க முடியாது. சொல்லப் போனால் மருந்து வித்தையில் அந்தக் கூட்டம் இன்னும் ஒரு படி மேல். அமெரிக்காவில் அவரைச் செடியைத் தின்னும் எபிலாக்னா ஒன்றின் கூண்டுப்புழுவை ஐஸ்னர், மைன்வால்ட் என்ற இரு அறிஞர்களும் குழுவினரும் ஆராய்ந்து 1993-இல் வெளியிட்டார்கள். அந்தக் கூண்டின் மேல் மெல்லிய மயிர்கள். ஒவ்வொரு மயிர் நுனியிலும் பனித்துளி போல ஒரு சொட்டு. எறும்பு வந்து மீசையால் தொட்டதும் பின்வாங்கி மீசையைத் துடைக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தச் சொட்டில் இருப்பதும் ஆல்கலாய்டு, அதுவரை யாரும் கண்டிராத புது வகை. அசையாமல் ஒட்டிக் கிடக்கும் கூண்டுக்கு நல்ல காவல்தான்.

பிரித்து அறிய வழி முதுகில் இருக்கிறது. அசுவினி தின்னும் வண்டின் முதுகு வார்னிஷ் அடித்தது போல் பளபளக்கும். கத்தரி வண்டின் முதுகு செம்பு நிறத்தில் மங்கலாக, பூனைமயிர் படர்ந்து இருக்கும். அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளை விட்ட முள்ளாக, மெதுவாக நகரும். அதற்கும் மேலாக இலையைப் பாருங்கள். பச்சையைச் சுரண்டிவிட்டு நரம்பை மட்டும் வலைபோல விட்டிருந்தால் அது எபிலாக்னா. இலை முழுசாக இருந்து அடியில் அசுவினித் தோல் உதிர்ந்து கிடந்தால் நம்ம ஆள். கத்தரிக்கு மருந்தே அடிக்காமல், காலையில் முட்டைக் கொத்து உள்ள இலையையும் புழு உள்ள இலையையும் கிள்ளி அழித்தாலே சின்னத் தோட்டத்தில் பாதி அடங்கிவிடும்.

அடையாளம் தப்பினால் என்ன ஆகும் என்று அண்ணாச்சிக்கு என் கதையையே சொன்னேன். 2009-ஆம் ஆண்டு, நான் வேலைக்குப் புதிது. ஒரு கொய்யாத் தோட்டத்தில் மாவுப்பூச்சி. அதன் நடுவே மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, வெள்ளை வெளேர் என்று, நூல் நூலாக மெழுகு தொங்க ஒன்று ஓடித் திரிந்தது. "மாவுப்பூச்சி பெருத்துப் போச்சு, உடனே அடிங்க" என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். அடித்தார்கள். எங்கள் மூத்த அதிகாரி ஒருவர் கேட்டுவிட்டு, "ஒன்றிரண்டு உயிரோடு கிடைத்தால் பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டி வை" என்றார். இரண்டு வாரம் கழித்துப் பாட்டிலுக்குள் ஆரஞ்சுத் தலையும் கறுப்பு முதுகுமாகச் சின்ன வண்டு. மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு! கிரிப்டோலேமஸ் என்று படித்துப் பரீட்சை எழுதி மார்க்கும் வாங்கியவன் நான். தோட்டத்தில் அதன் புழுவைக் கண்டபோது தெரியவில்லை. தோட்டக்காரரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அடுத்த தடவை பாட்டில்ல போட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்க தம்பி" என்றார். அன்று முதல் பையில் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன்.

அந்தப் புழுவுக்கு மெழுகுதான் கவசம். மாவுப்பூச்சியைக் காக்கும் எறும்புக்கு இது வேற்றாள் என்று சட்டென்று தெரியாது; கடித்தாலும் வாயில் மெழுகுதான் சிக்கும். எறும்பையே ஏமாற்றுகிற வேஷத்தில் நானும் ஏமாந்தேன். இந்த வண்டு நம் நாட்டுக்காரன் இல்லை. 1898-ஆம் ஆண்டு நியூபோர்ட் என்பவர் தென்னிந்தியக் காப்பித் தோட்டத்துப் பச்சைச் செதில் பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார். காப்பியில் வந்த வேலையை அது சரியாகச் செய்யவில்லை. ஆனால் மாவுப்பூச்சியைக் கண்டதும் இங்கேயே குடியேறிவிட்டது. இன்று பரங்கிக்காயில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் இந்த வண்டைப் பெருக்கித் தோட்டங்களில் விடுகிறார்கள். அதற்கும் முன்னால், 1888-89-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டங்கள் பஞ்சு மூடிய செதில் பூச்சியால் அழியும் நிலைக்கு வந்தபோது, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ரோடோலியா என்ற பொறிவண்டுதான் காப்பாற்றியது. அதே பூச்சி நீலகிரியில் வாட்டில் மரங்களைத் தாக்கியபோது, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதே வண்டை இங்கும் தருவித்தார்கள்.

வெளிநாட்டு வண்டு எல்லாம் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. சீனா, ஜப்பான் பக்கத்துப் பொறிவண்டு ஒன்றை அசுவினிக்காக அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கொண்டுபோனார்கள். அது அளவுக்கு மீறிப் பெருகி, குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக வீட்டுக்குள் புகுந்து, சுவரெல்லாம் மஞ்சள் கறை ஆக்குகிறது. ஒரு நாய் அந்த வண்டுகளைக் கவ்வி, மேலண்ணம் புண்ணானது என்று 2008-இல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே வண்டின் இரத்தத்தில் உள்ள ஹார்மோனின் என்ற பொருள் காசநோய்க் கிருமி வகையையும் மலேரியாக் கிருமியையும் ஆய்வகத்தில் அடக்குகிறது என்று 2012-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆய்வகத்தில்தான். யாரும் வண்டைப் பிடித்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

"பிள்ளைங்க கையில எடுத்து விளையாடுதே, மாடு தழையோட சேர்த்துத் தின்னுதே, ஒண்ணும் ஆகாதா?" என்று அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. கையில் பட்டால் மஞ்சள் கறையும் வாடையும்தான். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கண்ணில் தேய்த்துவிடக் கூடாது. தழையோடு ஒன்றிரண்டு வண்டு மாட்டின் வாய்க்குப் போவதால் பயப்பட வேண்டாம்.

பிறகு அவர் கேட்டதுதான் முக்கியம். "இவ்வளவு விஷம் வச்சிருக்கிற வண்டு, நான் அடிச்ச மருந்துக்கு மட்டும் ஏன் செத்துச்சு?"

அவரைக் கூட்டிக்கொண்டு போய், காலையில் அடித்த மூன்று வரிசையைப் பார்த்தோம். கரிசல் மண்ணில் சிவப்பு நன்றாகத் தெரியும். வெடிப்பு ஓரங்களில் வண்டுகள் மல்லாந்து கிடந்தன. சிலவற்றின் காலில் மஞ்சள் துளி. சாகும்போதும் தன் மருந்தை விட்டுத்தான் பார்த்திருக்கிறது.

வண்டின் மருந்து வாய் உள்ள எதிரிக்காக ஏற்பட்டது. கடிக்கிறவனுக்குக் கசக்கும், நக்குகிறவனுக்கு ஒட்டும். நாம் அடிக்கும் பூச்சிமருந்துக்கு வாயும் இல்லை, நாக்கும் இல்லை. வண்டு நடக்கும்போது கால் வழியாக, தோல் வழியாக உள்ளே போய் நரம்பைப் பிடிக்கிறது. செத்த அசுவினியைத் தின்றாலும் உள்ளே போகிறது. இப்படிக் கசப்பை மதிக்காத எதிரி இயற்கையிலும் உண்டு. ஒரு சின்னக் குளவி வண்டின் உடம்புக்குள் முட்டை வைத்துவிடும்; அதன் புழு உள்ளேயே வளர்ந்து வெளியே வந்து, வண்டின் காலுக்கு நடுவே கூடு கட்டிக்கொள்ளும். கூட்டைக் கட்டிப்பிடித்தபடி நிற்கும் வண்டைப் பார்த்தால் அதுதான் கதை என்று அறியுங்கள். ஆனால் குளவி ஒவ்வொரு வண்டாகத் தேடிப் பிடிக்க வேண்டும். டேங்க் அப்படி இல்லை.

இதில் அசுவினிக்குத்தான் லாபம். அசுவினி முட்டை வைத்து நாள் பார்த்துக் காத்திராமல் குட்டி போட்டே பெருகும். குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் குட்டி போடும். தப்பிப் பிழைத்த நாலு அசுவினி போதும், காடு மறுபடி நிறைந்துவிடும். பொறிவண்டு திரும்பிவரப் பல வாரம் ஆகும். அந்த இடைவெளிக்கு நீங்கள் மறுபடி டேங்க் தூக்க வேண்டும். 2018-இல் மக்காச்சோளப் படைப்புழு நம் நாட்டுக்கு வந்த பிறகு மக்காச்சோளக் காட்டில் மருந்துச் செலவு ஏறிவிட்டது உங்களுக்குத் தெரியும். பக்கத்துப் பருத்திக்கும் மீதி மருந்தை அடித்துத் தீர்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

நான் சொல்வது மருந்தே தொடக் கூடாது என்று இல்லை. பொறிவண்டு தத்துப்பூச்சியை அடக்காது, காய்ப்புழுவை அடக்காது. அசுவினிக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். காட்டின் நாலு மூலையிலும் நடுவிலுமாக இருபது செடி பாருங்கள். செடிக்கு அடியில் வெள்ளைத் துண்டை விரித்துத் தட்டினால் வண்டும் முதலைப் புழுவும் விழும். அசுவினி உள்ள செடிகளில் பாதிக்கு மேல் இவை இருந்தால், மூன்று நான்கு நாள் பொறுத்து மறுபடி பாருங்கள். இது என் அனுபவக் கணக்கு. அசுவினி குறையாமல் நுனி சுருண்டால், வேப்பங்கொட்டைச் சாறு அடியுங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு. இடித்து ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் அடிக்க வேண்டும். அதுவும் முதலைப் புழுவை ஓரளவு பாதிக்கும். ஆனால் கடை மருந்தைப் போல வாரித் துடைக்காது. வேறு மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் அசுவினி தாக்கிய திட்டுகளுக்கு மட்டும் அடியுங்கள், காடு முழுக்க வேண்டாம்.

அடுத்த விதைப்பில் ஒன்று செய்யலாம். பருத்தியைச் சுற்றி வரப்போரம் தட்டைப்பயறு ஒரு வரிசை ஊன்றுங்கள். தட்டைப்பயறில் கறுப்பு அசுவினி முதலில் வரும். வந்தால் சந்தோஷப்படுங்கள்! அது பயறுச் சாதிச் செடிக்கு உரிய அசுவினி. பருத்தியைத் தாக்குவது வேறு. தட்டையில் அதைத் தின்று பெருகும் பொறிவண்டு பருத்தியில் அசுவினி விழும் நேரத்துக்குத் தயாராக இருக்கும். அந்த ஓர வரிசைக்கு மருந்து காட்டாதீர்கள். காய் உங்கள் வீட்டுக் குழம்புக்கும் ஆகும்.

அண்ணாச்சி அன்று மீதிக் காட்டுக்கு அடிக்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் போனேன். அடிக்காத பக்கம் அசுவினி நன்றாகக் குறைந்திருந்தது. கூண்டுப்புழுக்கள் இலையில் ஒட்டிக் கிடந்தன. அடித்த மூன்று வரிசையில் நுனி இலைகளில் அசுவினி திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது, எறும்பும் கூடவே. தை மாதத்தில் தத்துப்பூச்சி அதிகமாகி, ஒரு தடவை மருந்து அடித்தும்தான் ஆக வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் அவர் என்னைக் கூப்பிட்டு, துண்டை விரித்துத் தட்டிக் காட்டினார். வண்டு ஆறு, முதலைப் புழு ஒன்று. "இதுக போற வரைக்கும் ரெண்டு நாள் பொறுக்கலாமா சார்?" என்றார். புழு கூண்டு கட்டிய பிறகு, தத்துப்பூச்சி மிகுந்த மேற்குப் பாதிக்கு மட்டும் அடித்தார்.

உங்கள் காட்டில் என்ன வண்டு என்று சந்தேகம் இருந்தால் ஒரு பாட்டிலில் இலையோடு போட்டு, வாயில் துணி கட்டி, உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குக் கொண்டுவாருங்கள். நெருக்கிப் பிடிக்காமல் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் பாட்டில் நாறும்.